முதலாளியைக் கேட்காமல் நடக்கும் கடை: ஊழியர் கையில் அதிகாரம் கொடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு, இப்போது தங்கும் விடுதி என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குப் பங்காளிகள் பல பேர். நிர்வாகம் பார்ப்பவர் சென்னையில் இருக்கிறார். இரவு பத்து மணிக்கு ஓர் அறையில் ஏசி நின்றுவிடுகிறது. எதிர் அறை காலி என்பது வரவேற்பில் இருக்கும் தம்பிக்குத் தெரியும், சாவியும் அவர் கையில்தான். ஆனாலும் சென்னைக்குப் போன் போடுகிறார். அங்கே யாரும் எடுக்கவில்லை. விருந்தினர் வளவு முற்றத்தில் உட்கார்ந்து கொசுக்கடி வாங்குகிறார். மறுநாள் காலையில் கூகுளில் ஒரே ஒரு நட்சத்திரம் விழுகிறது.

அந்தத் தம்பிக்குத் திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அறையை மாற்றிக் கொடுக்க அவருக்கு உரிமை உண்டா, இல்லையா என்பதைத்தான் யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஊழியர்களுக்கு அதிகாரம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு நாள் பயிற்சி வகுப்பு, ஊக்கப் பேச்சாளர், மதியம் பிரியாணி, கடைசியில் ஒரு குரூப் போட்டோ. என் கணக்கு வேறு. எந்த முடிவை, யார், எவ்வளவு தொகை வரை, யாரையும் கேட்காமல் எடுக்கலாம் என்பது உங்கள் கடையில் எழுத்தில் இருக்கிறதா? இருந்தால் அங்கே அதிகாரம் இருக்கிறது. இல்லாவிட்டால் பிரியாணி மட்டும்தான் இருக்கிறது.

ஐந்து பேர் முதல் ஐம்பது பேர் வரை வேலை செய்யும் இடங்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பலகாரக் கடை, ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறை, சேலைக் கடை, மெஸ், விடுதி என்று காரைக்குடியைச் சுற்றி நாம் நடத்தும் தொழில்கள்தான்.

இந்த ஊருக்கு இது புதிதல்ல

நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் கடை ரங்கூனிலோ பினாங்கிலோ இருக்கும், முதலாளி தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ இருப்பார். கடையை நடத்தியவர் சம்பளத்துக்குப் போன மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், எல்லோருக்கும் கீழே பெட்டியடிப் பையன். கடன் கொடுக்கவும் வாங்கவும் முதலாளியின் பெயரில் கையெழுத்துப் போடவும் மேலாளிடம் அதிகாரப் பத்திரம் இருக்கும். ஒருவரின் வேலைத் தவணை வழக்கமாக மூன்று வருஷம். கப்பல் ஏறும் முன்பே சம்பளச் சீட்டு எழுதி, ஒரு பகுதியை வீட்டுச் செலவுக்கு முன்பணமாகக் கொடுத்துவிடுவார்கள். கடை நன்றாக ஓடியிருந்தால் லாபத்திலும் மேலாளுக்குப் பங்கு உண்டு.

தந்தி இருந்தது. ஆனால் வார்த்தைக்கு வார்த்தை காசு. "இந்த ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்கலாமா" என்று கேட்டு எழுதி, கப்பல் தபாலில் பதில் வரும்வரை கடன் கேட்டவர் திண்ணையில் உட்கார்ந்திருக்க மாட்டார். அதனால் மேலாள் தானே முடிவெடுத்தார். முதலாளி ஒவ்வொரு முடிவிலும் தலையிடவில்லை, ஊருக்கு வரும் ஐந்தொகை என்ற கணக்கு அறிக்கையை வரிவரியாகப் பார்த்தார். இன்று கையில் போன் இருக்கிறது, கேட்பதற்குக் காசு ஆவதில்லை. எனவே எல்லாவற்றையும் கேட்கிறார்கள். நம் கடைகளில் ஊழியரின் அதிகாரத்தைத் தின்றது, என்னைக் கேட்டால், இந்த ஓசிப் போன்தான்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. பெட்டியடிப் பையன் எடுபிடி வேலை செய்தே கணக்குப் படித்தான். கடன் வாங்கி நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கதை தனி. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. மேலாள் பெரும்பாலும் சொந்தச் சமூகத்து ஆள். ஒன்பது நகரக் கோவில்களில் ஏதோ ஒன்றின் புள்ளி, அதாவது அந்தக் கோவிலில் பதிவான குடும்பத்து ஆள். கடை விஷயத்தில் ஏமாற்றினால் ஊரில் தலை காட்ட முடியாது, வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். அந்தப் பயமும் உறவும்தான் பாதி ஜாமீன். இன்று உங்கள் பட்டறையில் ஒடிசாவிலிருந்து வந்தவர் இருக்கிறார், பலகார அடுப்படியில் பக்கத்துக் கிராமத்து அக்கா இருக்கிறார். உறவை நம்பி இவர்களிடம் பொறுப்பைக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டியதில்லை. உறவு சுமந்த பாரத்தை இப்போது எழுத்தும் கணக்கும் சுமக்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

முதல் படி: கேள்விகளை ஒரு வாரம் எழுதுங்கள்

ஒரு நோட்டு போடுங்கள். போனில் வந்தது, வாட்ஸ்அப்பில் வந்தது, கல்லாவுக்கு முன்னால் வந்து நின்று கேட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள். யார் கேட்டார், என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று மூன்று பத்தி போதும். ஓய்வான வாரத்தில் வேண்டாம். தீபாவளி ஆர்டரோ முகூர்த்தக் கூட்டமோ இருக்கும் வாரமாகப் பாருங்கள், கேள்விகள் குவிவது அப்போதுதான்.

வாரக் கடைசியில் நோட்டைப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும். வேறு வேறு ஆட்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பார்கள், நீங்களும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பீர்கள். "கேஸ் சிலிண்டர் சொல்லிரவா?" "சரி, சொல்லு." எப்போதும் "சரி" என்றே பதில் வரும் கேள்வியை ஏன் கேட்க வைக்கிறோம் என்று யோசித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இரண்டாம் படி: மூன்று குவியலாகப் பிரியுங்கள்

நோட்டில் இருக்கும் ஒவ்வொரு கேள்வியையும் மூன்றில் ஒரு குவியலில் போடுங்கள்.

செய்துவிடுங்கள், சொல்லக்கூட வேண்டாம்: இது முதல் குவியல். காலி அறைக்கு மாற்றுவது, உடைந்த சீப்புச் சீடைப் பொட்டலத்தை மாற்றிக் கொடுப்பது, சிலிண்டர் சொல்வது, தீர்ந்த நிறப்பொடி வாங்குவது.

செய்துவிட்டுச் சாயங்காலம் சொல்லுங்கள்: இது இரண்டாவது. வாடிக்கையாளருக்குப் பணம் திருப்பிக் கொடுப்பது, ஒரு நாள் விடுப்புக் கொடுத்து வேறு ஆளைப் போடுவது, குறைந்த அளவில் தள்ளுபடி.

கேட்டுவிட்டுச் செய்யுங்கள்: இது மூன்றாவது. புது ஆளை வேலைக்கு எடுப்பது, கடனுக்குச் சரக்குக் கொடுப்பது, வங்கிக் கணக்கு, பழைய வீட்டின் கட்டடத்தில் எதை இடிப்பதும் மாற்றுவதும். பர்மாத் தேக்குக் கதவு நிலையில் ஆணி அடிப்பதற்குக் கூட விடுதியில் கேட்கத்தான் வேண்டும். அதில் நான் கறார்.

இந்தப் பிரிவினையைத் தனியே உட்கார்ந்து செய்யாதீர்கள். அந்த வேலையைச் செய்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். "இதை நீங்களே பார்த்துக்க முடியுமா?" என்று கேட்டால் சில இடங்களில் "முடியாதுங்க, எனக்கு அது தெரியாது" என்று பதில் வரும். அதுவும் நல்ல பதில்தான். எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்துபோகிறதே. மூன்றாவது குவியல்தான் பெரிதாக வந்திருக்கிறது என்றால் மறுபடி பிரியுங்கள். முதல் சுற்றில் நமக்குக் கை வராது, அது இயல்பு.

மூன்றாம் படி: தொகையை எழுதுங்கள்

"பார்த்துச் செய்ப்பா" என்பது அதிகாரம் இல்லை, கண்ணி. நன்றாக முடிந்தால் முதலாளியின் பெருந்தன்மை, கெட்டுப்போனால் ஊழியரின் தப்பு. அதனால் எண் வேண்டும்.

ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டல்களில் ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க, மேலதிகாரியைக் கேட்காமலே ஊழியர் 2,000 டாலர் வரை செலவு செய்யலாம் என்ற விதி உலகம் முழுக்கப் பேசப்பட்டது. நம் கடைக்கு அத்தனை பெரிய தொகை தேவையில்லை. விடுதி வரவேற்பில் ஒரு விருந்தினருக்கு 1,000 ரூபாய், பலகாரக் கடைக் கவுண்டரில் ஒரு பில்லுக்கு 200 ரூபாய், பட்டறை மேஸ்திரிக்கு வாரத்துக்கு 2,000 ரூபாய் சில்லறைச் செலவு என்று ஆரம்பிக்கலாம். தொகை உங்கள் வியாபாரத்தைப் பொறுத்தது. முழுவதும் வீணாய்ப் போனாலும் அன்றிரவு உங்களுக்குத் தூக்கம் வர வேண்டும். அந்த அளவே சரியான அளவு.

எழுதும் விதமும் முக்கியம். ஒரே பக்கம், ஆள் பெயர் போட்டு, தேதி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பணத்தைத் தனிப் பெட்டியில் வையுங்கள், கல்லாவோடு கலக்காதீர்கள். ஒவ்வொரு செலவுக்கும் நோட்டில் ஒரு வரி: தேதி, எவ்வளவு, எதற்கு. வாரத்துக்கு ஒரு தடவை நீங்கள் பாருங்கள். தினமும் பார்த்தால் அது மறுபடி கேட்டுச் செய்வதாகவே ஆகிவிடும்.

நான்காம் படி: கணக்கைத் திறந்து காட்டுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலானோர் பின்வாங்குகிறார்கள். "லாபம் எவ்வளவுன்னு தெரிஞ்சா நாளைக்கே சம்பளம் கூடக் கேப்பாங்க" என்ற பயம். கணக்குத் தெரியாத ஆளிடம் அதிகாரம் கொடுப்பது அதைவிட ஆபத்து.

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். தேன்குழல் கிலோ 400 ரூபாய்க்கு விற்கிறீர்கள். அரிசி, உளுந்து, எண்ணெய், வெண்ணெய் எல்லாம் சேர்த்து 190. கேஸ் 30. கூலி 70. டப்பாவும் ஒட்டும் சீட்டும் 20. வாடகை, கரண்ட், வண்டி 40. மொத்தம் 350, மீதி 50. இப்போது கவுண்டரில் இருப்பவர், தெரிந்த முகம் என்று பத்து சதவீதம் தள்ளுபடி கொடுக்கிறார். அவர் பார்வையில் நானூறில் நாற்பது, சின்னத் தொகை. உண்மையில் ஐம்பதில் நாற்பது போய்விட்டது, கையில் நிற்பது பத்து. இந்தக் கணக்கை ஒரு முறை காகிதத்தில் போட்டுக் காட்டினால் அந்த ஆள் வாழ்நாளுக்கும் சும்மா தள்ளுபடி கொடுக்க மாட்டார். "தள்ளுபடி கொடுக்காதே" என்று நூறு முறை திட்டி வராதது இந்த ஒரு காகிதத்தில் வரும்.

சேலைக் கடைக்கும் இதே நியாயம்தான். காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கைத்தறிக் கண்டாங்கி எது, விசைத்தறியில் ஓட்டிய சாயல் எது, ஏன் விலை இத்தனை வித்தியாசம் என்று விற்கும் பெண்ணுக்குத் தெரிந்தால், வாடிக்கையாளர் பேரம் பேசும்போது "இருங்க, முதலாளியைக் கேட்டுட்டு வர்றேன்" என்று உள்ளே ஓட வேண்டியதில்லை. துணியைத் திருப்பிக் காட்டி அவரே பதில் சொல்லிவிடுவார். தறிக்காரர் வீட்டுக்கு ஒரு நாள் அவரை அழைத்துப் போங்கள். கடையில் பத்துத் தடவை வாயால் சொல்வதை அங்கே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுவார்.

எல்லாக் கணக்கையும் காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. வீட்டுச் செலவு, பங்காளி வழக்கு எல்லாம் உங்கள் சொந்த விஷயம். அவர் எடுக்கும் முடிவு எந்த எண்ணைத் தொடுகிறதோ, அந்த எண் அவருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

ஐந்தாம் படி: "நிறுத்து" என்று சொல்லும் உரிமை

செலவு செய்யும் உரிமையைக் கொடுப்பவர்கள்கூட வேலையை நிறுத்தும் உரிமையைக் கொடுக்கத் தயங்குவார்கள். டொயோட்டா தொழிற்சாலைகளில் தலைக்கு மேல் ஒரு கயிறு ஓடும் (இப்போது பல இடங்களில் அதற்குப் பதில் பொத்தான்). குறை கண்ட எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்ததும் குழுத் தலைவர் வருவார், உடனே தீராவிட்டால் அந்த வரிசை நிற்கும். கார் தயாரிப்பை ஒரு சாதாரணத் தொழிலாளி நிறுத்தலாம் என்றால், நம் பட்டறையில் ஏன் முடியாது?

ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, சிமெண்டும் மணலும் நிறப்பொடியும் கலந்த கூழை அறை அறையாக ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்கிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, அப்புறம் காய வைப்பது. அந்தக் கல்லின் முகம் கண்ணாடியைப் பார்த்துக் குப்புறக் கிடக்கிறது. நிறம் ஓடியதோ திப்பியானதோ வெளியே தெரிவது கண்ணாடியை விட்டுக் கழற்றும்போதுதான். அதற்குள் அதே கலவையில் ஒரு வரிசைக் கல் முடிந்திருக்கும். ஆக, குறையை முளையிலேயே பார்க்கக்கூடிய ஒரே ஆள் கலவை கரைப்பவர். "இன்னைக்குப் பச்சை சரியில்லை, நிறுத்துங்க" என்று அவர் சொன்னால் நிற்க வேண்டும். மேஸ்திரி வந்து பார்த்த பிறகு தொடரலாம். அவர் சொன்னது தப்பு என்று தெரிந்தாலும் நிறுத்தியதற்காக ஒரு வார்த்தை திட்டக் கூடாது. ஒரு தடவை திட்டினால் அடுத்த தடவை நிறுத்த மாட்டார், வரிசைக் கல் போய்விடும்.

பலகார அடுப்படியில் இது எண்ணெய். பொரித்த எண்ணெயில் சேரும் கெட்ட கூறுகள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. அளக்கக் கருவி இருக்கிறது. ஆனால் கருவிக்கு முன்பே வாணலி முன்னால் நிற்கும் அக்காவுக்கு நுரையும் நிறமும் நெடியும் சொல்லிவிடும். எண்ணெய் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில் "இன்னும் ஒரு ஈடு எடுத்துரு" என்று முதலாளி சொல்வார். அங்கேதான் அதிகாரம் யாரிடம் என்பது தெரியும். இப்படி நடக்க வேண்டும்:

"ஆச்சி, இந்த எண்ணெய் இனி ஆகாது."

"நீங்க பாத்தா சரிதான். மாத்திருங்க."

இதற்கு மேல் பேச்சு வேண்டாம். மாற்றிய எண்ணெயின் அளவை நோட்டில் எழுதட்டும், மாதக் கடைசியில் பாருங்கள். கூடுதலாகப் போகிறது என்றால் பேசலாம். ஆனால் வாணலிக்கு முன்னால் நின்று பேச வேண்டாம்.

ஆறாம் படி: தவறு நடந்த அன்று

காகிதத்தில் கொடுத்த அதிகாரம் நிஜமா என்பது முதல் தவறு வரைக்கும் யாருக்கும் தெரியாது. எல்லா ஊழியரும் அன்றைக்கு உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள், தவறு செய்தவரை அல்ல.

விடுதித் தம்பி, காலி என்று நினைத்து ஓர் அறையைக் கொடுத்துவிட்டார். அது மறுநாள் விடியற்காலை வரும் விருந்தினருக்கு முன்பதிவு செய்த அறை. இப்போது வேறு ஓட்டலில் இடம் எடுத்துக் கொடுக்க வேண்டிய நிலை, நஷ்டம் சில ஆயிரம். மூன்றே கேள்வி கேளுங்கள். முடிவெடுக்கத் தேவையான தகவல் உங்களிடம் இருந்ததா? எழுதிய எல்லைக்குள் எடுத்த முடிவா? இதே நிலைமை மறுபடி வந்தால் என்ன செய்வீர்கள்?

முதல் கேள்விக்குப் பதில் "முன்பதிவு நோட்டு உள்ளே பூட்டியிருந்தது" என்று வந்தால் தவறு உங்களுடையது. நோட்டை வெளியே வையுங்கள். எல்லைக்குள் எடுத்த முடிவு என்றால் நஷ்டம் கடையுடையது, சம்பளத்தில் பிடிக்காதீர்கள். பிடித்தால் அதோடு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம், இனி ஒருவரும் முடிவெடுக்க மாட்டார்கள். எல்லையைத் தாண்டியிருந்தால் கண்டியுங்கள், தனியாகக் கூப்பிட்டு. ஏமாற்று என்றால் இந்த மூன்று கேள்வியும் வேண்டாம், அது வேறு கணக்கு. ஆனால் தவறையும் திருட்டையும் ஒரே குரலில் பேசும் பழக்கம் நம் கல்லாக்களில் நிறைய உண்டு. இரண்டுக்கும் ஒரே திட்டு என்றால், நேர்மையான ஆள்தான் முதலில் வேலையை விட்டுப் போவார்.

கொடுத்த அதிகாரத்தை ஒரு தவறுக்காகத் திரும்பப் பிடுங்காதீர்கள். அதே தவறு மறுபடி நடந்தால் தொகையைக் குறையுங்கள், சொல்லிக்கொடுங்கள், பிறகு மறுபடி ஏற்றுங்கள்.

ஏழாம் படி: கேமராவும் வாட்ஸ்அப்பும்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சிங்கப்பூரிலோ அண்ணாநகரிலோ உட்கார்ந்து கேமராவில் பார்த்துக்கொண்டே "அந்தச் சேரை ஏன் அங்க போட்டீங்க" என்று செய்தி அனுப்பும் முதலாளியின் கடையில் மேலே சொன்ன எதுவும் வேலை செய்யாது. கேமரா திருட்டுக்கும் விபத்துக்கும். ஏதாவது நடந்த பிறகு திருப்பிப் பார்க்க மட்டும் என்று உங்களுக்கு நீங்களே விதி போட்டுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் யாரையும் கண்டிக்காதீர்கள். முதல் குவியலில் உள்ள கேள்வி உங்களுக்கு வந்தால் பதில் சொல்லாமல், "காகிதத்தில் என்ன இருக்கிறது?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், உங்களுக்குத்தான்.

எட்டாம் படி: யார் வாய் திறக்கிறார்கள் என்று பாருங்கள்

மாதம் ஒரு முறை எல்லோரையும் உட்கார வைத்துப் பேசச் சொன்னால் யார் பேசுவார்? நீண்ட நாள் வேலை பார்க்கும் கணக்கப்பிள்ளையும் மேஸ்திரியும். பாத்திரம் கழுவும் பெண் பேச மாட்டார், பீகாரிலிருந்து வந்தவர் பேச முடியாது. காகிதத்தில் எல்லோருக்கும் உரிமை எழுதினாலும் ஊர் வழக்கம் அதை அழித்துவிடும்.

முதலில் விளிப்பை மாற்றுங்கள். வயதில் பெரியவரை "ஏய், வாப்பா, போப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே அவரிடம் 2,000 ரூபாய் பொறுப்பைக் கொடுத்தால் அவருக்கே நம்பிக்கை வராது. அண்ணே, அக்கா, தம்பி என்று நமக்கு முறைச்சொல் நிறைய இருக்கிறது. வடக்கேயிருந்து வந்தவர்களை "இந்திக்காரப் பசங்க" என்று மொத்தமாகச் சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒட்டிய காகிதம் அவர்களுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இன்னொன்று இருக்கட்டும், அல்லது அவரவர் மொழியில் ஒரு குரல் பதிவு போனில் இருக்கட்டும்.

அடுத்தது கொஞ்சம் கசக்கும். "இவர் சமையல்கட்டுக்குள் வரலாம், அவர் வரக் கூடாது", "அவருக்குத் தனி டம்ளர்" என்ற வழக்கம் எங்கேயாவது ஒளிந்திருந்தால், அந்த இடத்தில் அதிகாரப் பட்டியல் எழுதுவது வீண் வேலை. முதலில் அதை ஒழியுங்கள். சாதியில் உயர்ந்தவர் என்று தன்னை நினைப்பவர், கீழே என்று அவர் நினைக்கும் மேஸ்திரியின் "நிறுத்து"க்குக் கட்டுப்பட மாட்டார். அந்த இடத்தில் முதலாளி வெளிப்படையாக மேஸ்திரியின் பக்கம் நிற்க வேண்டும். நடுநிலை என்று ஒதுங்கினால் மேஸ்திரியின் அதிகாரம் அன்றோடு முடிந்தது.

சட்டம் ஏற்கனவே கொடுத்த உரிமைகளையும் மறைக்காதீர்கள். கடையில் நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். சேலைக் கடையில் ஸ்டூல் போட்டால் மட்டும் போதாது, உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள் குழு கட்டாயம் என்பது 2013 சட்டம். தலைமை ஒரு பெண்ணிடம் இருக்க வேண்டும். சிறிய இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. சிவகங்கை மாவட்டமோ புதுக்கோட்டை மாவட்டமோ, உங்கள் குழுவின் தொடர்பு எண்ணைக் கேட்டு வாங்கி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். எங்கே போய்ச் சொல்வது என்றே தெரியாத பெண்ணிடம் "தைரியமா சொல்லும்மா" என்று சொல்லிப் பயன் இல்லை.

ஒன்பதாம் படி: பொறுப்பு கூடினால் கூலியும் கூட வேண்டும்

அதிகாரம் என்ற பெயரில் மேனேஜரின் வேலையைப் பையன் தலையில் கட்டிவிட்டு சம்பளத்தை அப்படியே வைத்திருப்பதை ஊழியர்கள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். பொறுப்புக் காகிதத்தில் கையெழுத்துப் போடும் அன்றே ஒரு தொகை ஏறட்டும். அதற்கு மேல், மேலாளுக்குக் கொடுத்த மாதிரி, லாபத்தில் ஒரு சின்னப் பங்கு. ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பங்கை விற்பனை மீது வைக்காதீர்கள், மீதியின் மீது வையுங்கள். விற்பனை மீது வைத்தால் தள்ளுபடி கொடுத்து விற்பனையை ஏற்றுவார்கள், மேலே பார்த்த தேன்குழல் கணக்குதான். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் சட்டப்படி வரும் 8.33 சதவீதப் போனஸ் இதில் சேராது. அது உரிமை, இது கூடுதல்.

இடையில் ஒருவர் வருத்தப்படுவார்: மேனேஜர், அல்லது மேஸ்திரி. இதுவரை எல்லோரும் அவரைக் கேட்டுத்தான் செய்தார்கள், அதுதான் அவருடைய மரியாதை. திடீரென்று வரவேற்புத் தம்பி தானே அறை மாற்றுகிறார் என்றால் இவருக்கு என்ன வேலை? அவரிடம் முதல் நாளே பேசிவிடுங்கள். இனி அவர் வேலை அனுமதி கொடுப்பது இல்லை, ஆளைப் பழக்குவது. பெட்டியடிப் பையனை அடுத்தாளாக ஏற்றிவிடுவது. மாதாமாதம் அவரிடம் வரும் கேள்விகள் குறைந்தால் அது அவருடைய வெற்றி என்று கணக்குப் போட்டு, அதற்கும் பணம் கொடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், காகிதத்தை முதலில் கிழிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

பத்தாம் படி: ஊரில் இல்லாமல் இருந்து பாருங்கள்

மூன்று மாதம் கழித்து ஒரு சோதனை. தை மாதம் நகரத்தார் காவடியோடு பழனிக்கு நடந்து போவது இந்தப் பக்கத்து வழக்கம். நடப்பவர்கள் போனைப் பையில் போட்டுவிடட்டும். நடக்காதவர்கள் மகள் வீட்டுக்குப் போங்கள். அவசரம் என்று எதைச் சொல்லலாம் என்பதை முன்கூட்டியே மூன்று வரியில் எழுதிக் கொடுங்கள்: ஆளுக்கு ஆபத்து, தீ, போலீஸ். மற்றதெல்லாம் நோட்டில். திரும்பி வந்ததும் கல்லாவைத் தொடுவதற்கு முன்னால் அந்த நோட்டைப் படியுங்கள். நீங்கள் வேறு மாதிரிச் செய்திருப்பீர்கள் என்று சில முடிவுகள் தோன்றும். கடைக்குக் கெடுதல் இல்லை என்றால் வாயைத் திறக்காதீர்கள். யாராவது முடிவெடுக்காமல் காத்திருந்த இடங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்கான காகிதத்தில் அந்த இடங்களைத்தான் தெளிவாக்க வேண்டும். தொகையையும் அப்போதே ஏற்றிவிடுங்கள்.

"எல்லாம் கத்துக்கிட்டுத் தனிக்கடை போட்டுருவானே?"

இந்தக் கேள்வியைக் கேட்காத முதலாளியை நான் பார்த்ததில்லை. போடுவார்கள், சிலர் கண்டிப்பாகப் போடுவார்கள். ரங்கூனில் இரண்டு மூன்று தவணை மேலாளாக இருந்தவர்கள் பிறகு சொந்தக் கடை வைத்தார்கள், பழைய முதலாளியே அவர்களுக்குப் பணம் கொடுத்து வைத்ததும் உண்டு. கணக்கை மறைத்து, சாவியைப் பூட்டி வைத்து ஆளைப் பிடித்து வைத்தால் கடைசியில் உங்களிடம் மிஞ்சுவது, வேறு எங்கும் வேலை கிடைக்காதவர்கள் மட்டும்.

போகிறவருக்கு முறையான ஓர் ஏற்பாடு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும், அந்த மூன்று மாதத்தில் தன் இடத்துக்கு ஓர் ஆளைப் பழக்கிவிட வேண்டும், நோட்டை ஒப்படைக்க வேண்டும். பதிலுக்கு நிலுவை எல்லாம் போகும் அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். அவர் கைமுறுக்கில் கெட்டிக்காரர் என்றால் கைமுறுக்கை இனி நீங்கள் சுட வேண்டாம், அவரிடமே மொத்த விலைக்கு வாங்குங்கள். தீபாவளி நேரத்தில் உங்களுக்கு ஓர் அடுப்பு மிச்சம், அவருக்கு முதல் நாளே ஒரு வாடிக்கை.